பிரெக்கன்ரிட்ஜ் பனிச்சறுக்கு ஊரில் ஹோட்டலா, சமையலறையுள்ள காண்டோவா?

கேள்வி இதுதான்: டாலஸ் பகுதியில் வாழும் இரண்டு குடும்பங்கள், நான்கு பெரியவர்களும் மூன்று குழந்தைகளுமாக, ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியையும் அழைத்துக்கொண்டு, டிசம்பர் விடுமுறையில் கொலராடோவின் பிரெக்கன்ரிட்ஜுக்குக் காரில் செல்லத் திட்டமிடுகிறார்கள். அனைவரும் சைவம். ஹோட்டலில் தங்குவதா, சமையலறையோடு கூடிய காண்டோ (பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் அடுக்குமாடி வீடு) எடுப்பதா, எடுத்தால் எதையெல்லாம் பார்த்து எடுப்பது, அங்கே நம் சமையல் சரிப்படுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

ஒன்பது பேர், அதிலும் வயதானவர்களும் குழந்தைகளும் சேர்ந்த சைவக் குழு என்றால் காண்டோதான் சரி; இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் காண்டோ தன்னளவில் மலிவு என்ற நம்பிக்கையோடு பதிவு செய்யாதீர்கள். இரவு வாடகைக்கு மேல் துப்புரவுக் கட்டணம், பதிவுத் தளத்தின் சேவைக் கட்டணம், வரிகள் எல்லாம் சேரும்போது, மூன்று இரவுத் தங்கலுக்கு அது பல நேரங்களில் ஹோட்டலைவிடக் கூடுதலாகவே வரும். துப்புரவுக் கட்டணம் மூன்று இரவுக்கும் ஏழு இரவுக்கும் ஒன்றுதான் என்பதால், தங்கும் நாள் கூடக்கூடத்தான் கணக்கு காண்டோவின் பக்கம் சாயும். அதுவும் அந்தச் சமையலறையில் உண்மையாகவே நாளுக்கு இரண்டு வேளை சமைத்தால் மட்டுமே. சமைக்கப் போவதில்லை என்றால், காலை உணவு தரும் ஒரு ஹோட்டலைப் பக்கத்து ஊர்களான ஃபிரிஸ்கோவிலோ சில்வர்தோர்னிலோ எடுத்துக்கொண்டு போய்விடலாம். (டெக்சஸ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நான் சொல்வது கொலராடோவின் ஃபிரிஸ்கோ. வரைபடத்தில் ஊர்ப் பெயரை மட்டும் தட்டினால் அது உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஃபிரிஸ்கோவைக் காட்டிக்கொண்டு நிற்கும்.)

காண்டோ என்பது ஹோட்டல் அல்ல என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். கட்டடம் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி உரிமையாளர் இருப்பார். கட்டில், மெத்தை, பாத்திரம், அடுப்பு எல்லாம் அவரவர் வசதிக்கும் ரசனைக்கும் ஏற்ப இருக்கும். ஒரே மாடியில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளில் ஒன்று போன ஆண்டு புதுப்பித்ததாகவும், மற்றது எழுபதுகளின் கம்பளத்தோடு அப்படியே இருப்பதாகவும் காணலாம். எனவே கட்டடத்தின் பெயருக்கு வந்திருக்கும் விமர்சனங்களை நம்பாமல், நீங்கள் எடுக்கப்போகும் வீட்டு எண்ணுக்கு உரிய விமர்சனங்களையும் படங்களையும் மட்டும் பாருங்கள். சில மேலாண்மை நிறுவனங்கள் வீட்டு எண்ணைச் சொல்லாமல் 'இரண்டு படுக்கையறை, வெள்ளித் தரம்' என்று ஒரு வகையாகவே விற்கும். வந்த பிறகுதான் எந்த வீடு என்று தெரியும். முதியவர்கள் உடன் வரும்போது அந்த வகைப் பதிவைத் தவிர்ப்பது நல்லது. பிரெக்கன்ரிட்ஜில் குறுகியகால வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் நகராட்சியின் உரிமம் வேண்டும். அந்த உரிம எண் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும். எண் இல்லாத விளம்பரத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

அடுத்தது இடம். பல சறுக்கு ஊர்கள், சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட்டின் அடிவாரத்தைச் சுற்றிப் புதிதாகக் கட்டப்பட்டவை. பிரெக்கன்ரிட்ஜ் அப்படி அல்ல. 1859-இல் தங்கம் தேடி வந்தவர்கள் அமைத்த சுரங்க ஊர் அது. சறுக்கு மலை 1961-இல்தான் திறந்தது. அதனால் பழைய கடைத்தெரு ஆற்றோரமாக ஓரிடத்தில் இருக்க, சறுக்கும் மலைகள் அதற்கு மேற்கே பீக் 6 முதல் பீக் 10 வரை எண்ணிட்ட சிகரங்களாக வரிசையாக நிற்கின்றன. காண்டோக்கள் இந்த இரண்டுக்கும் இடையே சரிவெங்கும் பரவிக் கிடக்கின்றன. முதன்முறை சறுக்கக் கற்பவர்களுக்கான பள்ளி பீக் 8, பீக் 9 ஆகிய இரண்டின் அடிவாரத்திலும் உண்டு. பீக் 9 அடிவாரம் கடைத்தெருவுக்கு நடை தூரத்தில் இருக்கிறது, அங்குள்ள சரிவுகளும் மென்மையானவை; கற்றுக்கொள்ளும் குழந்தைகளோடு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். பீக் 8 உயரத்தில், ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி இருக்கிறது. ஊரிலிருந்து அங்கே பிரெக்கனெக்ட் என்ற கோண்டோலா (கம்பியில் தொங்கிச் செல்லும் மூடிய பெட்டி) செல்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. ஊருக்குள் ஓடும் பேருந்துகளும் இலவசம். ஆகவே வாசலிலேயே சறுக்கி வந்து இறங்கும் வீடு கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டியதில்லை. பேருந்து நிறுத்தத்துக்கோ கோண்டோலாவுக்கோ ஐந்து நிமிட நடையில் இருந்தால் போதும்.

அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் கறாராக அளந்து பாருங்கள். விளம்பரத்தில் 'லிஃப்ட்டுக்கு நடை தூரம்' என்று இருக்கும். சாதாரணக் காலணியில் நானூறு மீட்டர் ஒன்றுமே இல்லை. கணுக்காலை அசைக்கவிடாத கெட்டியான சறுக்குக் காலணியை அணிந்து, தன் சறுக்குப் பலகையோடு குழந்தையின் பலகையையும் தோளில் சாய்த்துக்கொண்டு, பனிக்கட்டி படிந்த ஏற்றத்தில் நடக்கும்போது அதே நானூறு மீட்டரில் மூச்சு வாங்கிவிடும். 'சறுக்கியே வீடு திரும்பலாம்' என்று மட்டும் எழுதியிருந்தால், மாலையில் திரும்புவது சுலபம், காலையில் மலைக்குப் போக வேறு வழி பார்க்க வேண்டும் என்று பொருள். பீக் 8-இலிருந்து ஊர் வரை இறங்கும் ஃபோர் ஓக்ளாக் என்ற நீளமான எளிய பாதையை ஒட்டியுள்ள வீடுகள் பலவும் இந்த வகைதான். டிசம்பர் தொடக்கத்தில் பனி குறைவாக இருந்தால் அந்தப் பாதையே திறந்திருக்காது.

'பத்துப் பேர் உறங்கலாம்' என்ற எண்ணிக்கையில் வரவேற்பறைச் சோஃபாவை விரித்தால் இருவர், நடைவழியில் இரண்டடுக்குக் கட்டிலில் இருவர், ஏணி போன்ற படியில் ஏறும் பரணில் இருவர் என்று எல்லாம் அடங்கும். கதவுள்ள படுக்கையறை எத்தனை, கழிப்பறை எத்தனை என்று மட்டும் எண்ணுங்கள். பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் பலவற்றில் எலிவேட்டர் கிடையாது. வெளிப்புறப் படிகளில் பனி உறைந்திருக்கும். தாத்தா பாட்டிக்காக, தரைத்தளமா அல்லது எலிவேட்டர் உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் யோசனை, நான்கு படுக்கையறை கொண்ட ஒரே பெரிய வீட்டைத் தேடுவதைவிட, ஒரே கட்டடத்தில் இரண்டு படுக்கையறை வீடுகள் இரண்டை எடுப்பது. பெரிய வீடுகள் எண்ணிக்கையில் குறைவு, ஊருக்கு வெளியே இருப்பவையும் அதிகம். இரண்டு சிறிய வீடுகள் என்றால் இரண்டு அடுப்பும் இரண்டு குளிர்பெட்டியும் கிடைக்கும். ஒன்பது பேருக்குச் சமைக்கும்போது அதன் அருமை தெரியும். சீக்கிரம் உறங்கும் முதியவர்களுக்கும் ஓர் அமைதியான வீடு அமையும்.

இனி சமையல். ஊர் கடல்மட்டத்திலிருந்து 9,600 அடி, அதாவது ஏறக்குறைய 2,926 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் காற்றழுத்தத்தில் தண்ணீர் 90 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். பார்ப்பதற்குத் தளதளவென்று கொதிக்கும், ஆனால் சூடு அதற்கு மேல் ஏறாது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் வற்றுமே தவிரப் பருப்பு வேகாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு ஒரு மணி நேரம் ஆகியும் மசியாமல் நிற்கும். கொண்டைக்கடலையை அப்படி வேகவைக்க நினைக்கவே வேண்டாம். ஆகையால் பயணத்தில் முதலில் காரில் ஏற வேண்டிய பொருள் குக்கர். நம் விசில் குக்கர் வீட்டில் 120 டிகிரி அளவைத் தொடும். அங்கே அது சுமார் 115 டிகிரியோடு நின்றுவிடும். எனவே வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடுதலாக வைத்தால் போதும். இன்ஸ்டன்ட் பாட் என்ற மின்சார பிரஷர் குக்கர் வைத்திருப்பவர்கள், 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சமைக்கும் நேரத்தை 5 விழுக்காடு கூட்டுவது வழக்கம். அந்தக் கணக்கில் வீட்டில் 20 நிமிடம் என்பது அங்கே 27, 28 நிமிடம் ஆகும். மின்சார ரைஸ் குக்கரிலும் தண்ணீர் வற்றியதும் சுவிட்ச் விழுந்துவிடும், ஆனால் சோறு நறுக்கரிசியாக இருக்கும். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரையும் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

காண்டோக்களில் பெரும்பாலும் மின்சார அடுப்பு, அதிலும் வழவழப்பான கண்ணாடி மேல்தளம் உள்ளதுதான் இருக்கும். அடி வளைந்த வாணலியும் குழிந்த தோசைக்கல்லும் அதில் சூடேறா. தட்டையான அடியுள்ள குக்கரையும் கல்லையும் எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடியில் கீறல் விழுந்தால் அதற்கும் பணம் கேட்பார்கள் என்பதால் இரும்புக்கல்லை இழுக்காமல் தூக்கி வையுங்கள். அங்கே காபி இயந்திரமும் ஒயின் கோப்பைகளும் தாராளமாக இருக்கும். வெட்டும் கத்தியோ மழுங்கி இருக்கும், பெரிய பாத்திரம் ஒன்றே ஒன்று இருக்கும், தோசைத் திருப்பியும் குழிக்கரண்டியும் இருக்காது. ஒரு நல்ல கத்தி, இரண்டு கரண்டி, அஞ்சறைப்பெட்டி, ஃபில்டர் ஆகியவை கட்டாயம். சட்னியை வீட்டிலேயே அரைத்து உறையவைத்து ஐஸ் பெட்டியில் கொண்டுபோவது, மிக்ஸியைச் சுமப்பதைவிட எளிது.

இட்லி மாவை டாலஸிலேயே அரைத்து, புளிக்கும் முன் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லலாம். போய்ச் சேர்ந்ததும் ஓவனைப் பற்றவைக்காமல் அதன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால், வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே போனாலும் மாவு காலையில் பொங்கியிருக்கும். பாத்திரத்தில் பாதி அளவு மட்டும் ஊற்றுங்கள். காற்றழுத்தம் குறைவு என்பதால் அதே அளவு வாயு அங்கே அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும், மாவு வழிந்து ஓவனுக்குள் காய்ந்துவிட்டால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. இதே காரணத்தால் சிப்ஸ் பாக்கெட்டுகள் உப்பி நிற்கும்; ஊறுகாய் பாட்டிலை வேகமாகத் திறந்தால் ஓரத்தில் எண்ணெய் பீறிடும். தொட்டியின் மேல் பிடித்துக்கொண்டு, மூடியை மெல்லத் தளர்த்துங்கள்.

தாளிப்புதான் காண்டோவில் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். அடுப்புக்கு மேல் இருக்கும் விசிறி பல வீடுகளில் புகையை வெளியே தள்ளாது. ஒரு வடிகட்டி வழியாக இழுத்து மறுபடியும் அறைக்குள்ளேயே விடும். காய்ந்த எண்ணெயில் வரமிளகாயும் பெருங்காயமும் விழுந்த அரை நிமிடத்தில் புகை உணரி அலறும். சில கட்டடங்களில் அது மொத்தக் கட்டடத்தின் எச்சரிக்கை மணியோடும் தீயணைப்பு நிலையத்தோடும் இணைந்திருக்கும். உணரியைக் கழற்றி வைப்பதோ துணியால் மூடுவதோ சட்டப்படியும் பாதுகாப்புப்படியும் தவறு. வாடகை ஒப்பந்தமும் அதற்கு அபராதம் சொல்லும். பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, நடுத்தரச் சூட்டில், மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தாளியுங்கள். பொடி வகைகளையும் புளிக்காய்ச்சலையும் வீட்டிலேயே முடித்துக்கொண்டு போனால் அங்கே தாளிக்கும் தேவையே பாதியாகக் குறையும். அப்பளத்தை மைக்ரோவேவில் சுட்டுக்கொள்ளலாம். வடை, பஜ்ஜி ஆசைகளை டாலஸிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பொரித்த எண்ணெய் வாசனை திரைச்சீலையில் தங்கிவிட்டால் கூடுதல் துப்புரவுக் கட்டணம் வரக்கூடும். மஞ்சள் கறையும் அப்படித்தான். காண்டோவின் துண்டு, மேசைவிரிப்பு எல்லாம் வெள்ளை. சமையலறைக்கென்று பழைய துணி நாலைந்து எடுத்துப் போங்கள், வெள்ளை மேடையில் சாம்பார் சிந்தினால் அப்போதே துடையுங்கள்.

மளிகைக்கு ஊருக்குள்ளேயே சிட்டி மார்க்கெட் என்ற பெரிய கடை இருக்கிறது. பால், தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். விடுமுறைக்கு முன்தின மாலைகளில் அங்கே கூட்டம் நெரியும். ஃபிரிஸ்கோவில் வால்மார்ட், சேஃப்வே, ஹோல் ஃபுட்ஸ் மூன்றும் உண்டு. அந்த வழியாக வருபவர்கள் அங்கேயே வாங்கிக்கொண்டு ஏறலாம். பச்சை மிளகாய்க்கு பதில் செரானோ மிளகாய் சமாளிக்கும். கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் டாலஸிலிருந்துதான் வர வேண்டும். காண்டோவில் வைத்திருக்கும் பாத்திரங்கழுவி மாத்திரையும் காகிதத்துண்டுச் சுருளும் குப்பைப் பையும் முதல் நாளுக்கு மட்டும்தான். பிறகு நீங்கள் வாங்கியாக வேண்டும்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது முதியவர்களின் உடல்நிலை. டாலஸ் ஏறக்குறைய 130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஒரே நாளில் 2,900 மீட்டருக்கு ஏறினால், ஒவ்வொரு மூச்சிலும் ஆக்ஸிஜன் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவு. தலைவலி, குமட்டல், பசியின்மை, இரவில் விட்டுவிட்டு விழிப்பு ஆகியவை இளைஞர்களுக்கே வரும். உடற்கட்டு அதைத் தடுக்காது. குழந்தைகள் தலைவலி என்று சொல்லத் தெரியாமல் சிணுங்குவார்கள், சாப்பிட மறுப்பார்கள். இதயம் அல்லது நுரையீரல் தொடர்பான நோய் உள்ள பெரியவர்களை மருத்துவரைக் கேட்காமல் அழைத்துச் செல்லவே கூடாது. உயரத்துக்கான முன்தடுப்பு மாத்திரை தேவையா என்பதையும் அவரே சொல்லட்டும். நீங்கள் காரில் போவதில் ஒரு நன்மை உண்டு. எப்படியும் 13, 14 மணி நேரப் பயணம் என்பதால், கொலராடோ ஸ்பிரிங்ஸிலோ (1,839 மீட்டர்) டென்வரிலோ (1,609 மீட்டர்) ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் ஏறுங்கள். உடல் பழகிக்கொள்ள அந்த ஓர் இரவு பெரிதும் உதவும். முதல் நாள் சறுக்கவும் வேண்டாம், மதுவும் வேண்டாம். ரசமும் மோரும் தண்ணீரும் தாராளமாகப் போகட்டும். காற்று மிக வறண்டது, மூக்கில் இரத்தம் கசியும். படுக்கையறைக்கு ஈரப்பதமூட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, ஓய்வில் இருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, நடை தடுமாறினாலோ, பொழுது விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவ உதவி பெற்றுக் கீழே இறங்க வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் உடல் பழகிவிட்டால், சறுக்காத தாத்தா பாட்டி இருவரும் கோண்டோலாவில் பீக் 8 வரை சீட்டு வாங்காமலே போய்வரலாம். நடப்பதற்குக் காலணியில் மாட்டும் முள்பட்டை இரண்டு ஜோடி வாங்கிக்கொடுங்கள்.

சாலையைப் பற்றிச் சுருக்கமாக. கொலராடோ ஸ்பிரிங்ஸிலிருந்து வழிகாட்டிச் செயலி பெரும்பாலும் ஃபேர்பிளே வழியாக ஹூசியர் கணவாயைக் காட்டும். அது 11,542 அடி உயரக் கணவாய். கீழே உள்ள சமவெளியில் காற்று பனியைச் சாலையில் வாரிக் கொட்டும். பகலிலும் தெளிந்த வானிலையிலும் மட்டும் அந்த வழி. இல்லையென்றால் டென்வருக்குச் சென்று ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையைக் கடந்து ஃபிரிஸ்கோவில் இறங்குங்கள். செப்டம்பர் 1 முதல் மே 31 வரை அந்த மலைப்பகுதி நெடுஞ்சாலையில், இருசக்கர இயக்கமுள்ள கார் என்றால் குளிர்கால டயர் அல்லது சேறு-பனிக் குறியுள்ள (M+S) டயர் வேண்டும், அதன் பள்ளம் 3/16 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. டயரில் மாட்டும் சங்கிலியையும் உடன் வைத்திருங்கள்; இந்த விதிகள் மாறக்கூடியவை என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள். டெக்சஸ் கோடைக்கால டயரோடு கிளம்பாதீர்கள். காண்டோவுக்கு ஒரு கார் நிறுத்துமிடம்தான் பொதுவாகக் கிடைக்கும்; நிலத்தடி நிறுத்துமிடம் என்றால் உயர வரம்பைக் கேளுங்கள், கூரைப்பெட்டி மாட்டிய வண்டி பலவற்றில் நுழையாது.

மதிய உணவுக்கு மலையில் உள்ள உணவகங்களை நம்பினால் விலையும் அதிகம், சைவத்துக்கு மிஞ்சுவது பீட்சாவும் பொரித்த உருளைக்கிழங்கும்தான். எலுமிச்சைச் சோறு குளிரில் விறைத்துவிடும். சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கு மசியலைச் சுருட்டி, மேலங்கியின் உள்பையில், மார்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் நண்பகலிலும் மிருதுவாக இருக்கும். முதுகுப்பை கொண்டுபோனால் நாற்காலி லிஃப்ட்டில் உட்காரும் முன் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்குள் சறுக்குப் பலகைகளைக் கொண்டுவரப் பெரும்பாலும் அனுமதி இல்லை. கீழே பூட்டறை இருக்கும். காலணியின் உள்ளுறையைக் கழற்றி இரவில் காயவையுங்கள், ஆனால் சுவரடி மின்சூடேற்றியின் மேல் கையுறையையோ துண்டையோ போடாதீர்கள். வெளியே கிளம்பும்போது மின்சாரம் மிச்சம் என்று சூட்டை முழுக்க அணைத்துவிட்டால் குழாயில் தண்ணீர் உறைந்து வெடிக்கலாம். பொதுவான வெந்நீர்த் தொட்டி 40 டிகிரி அளவில் இருக்கும். சிறு குழந்தைகளுக்கும் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் அது ஏற்றதல்ல.

பணம் கட்டும் முன் மொத்தத் தொகையைப் பாருங்கள். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி ஒன்று 2025 மே மாதம் முதல், குறுகியகாலத் தங்கலுக்குக் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த விலையையே முன்னிலைப்படுத்தச் சொல்கிறது. வரி மட்டும் பிறகு சேரலாம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி புத்தாண்டு வரையிலான வாரம்தான் ஆண்டிலேயே விலை உச்சம், அப்போது ஐந்து, ஏழு இரவுகளுக்குக் குறைந்து தரவும் மாட்டார்கள். பள்ளி விடுமுறை தொடங்கியவுடன் புறப்பட்டு 24-ஆம் தேதிக்குள் திரும்புவது பல நேரங்களில் மலிவு. சறுக்குச் சீட்டையும் முன்கூட்டியே வாங்குங்கள், உச்ச நாட்களில் வாயிலில் வாங்கினால் ஒருவருக்கு ஒருநாள் சீட்டே 200 டாலரைத் தாண்டும். பதிவை ரத்து செய்யும் விதிகளைக் கடைசி வரி வரை படியுங்கள். முப்பது அல்லது அறுபது நாட்களுக்கு முன் ரத்து செய்யாவிட்டால் பணம் திரும்பாது என்பது இங்கே சாதாரணம். பனிப்புயலில் நெடுஞ்சாலை மூடியதும், தாத்தாவுக்கு உயரம் ஒத்துக்கொள்ளாததும் உரிமையாளரிடம் காரணமாகச் செல்லாது. அதனால் மருத்துவரைப் பார்ப்பதை அந்தக் கெடு தேதிக்கு முன்பே முடித்துக்கொண்டு, மருத்துவக் காரணத்தையும் சாலை மூடலையும் உள்ளடக்கிய பயணக் காப்பீட்டைப் பதிவு செய்த அன்றே எடுத்துவிடுங்கள்.